21 வாரத்துக்கு ஒரே ஒரு வரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் 30, உலக இருமுனையப் பிறழ்வு நாளன்று உங்கள் நாளிதழ், மனம் அளவுமீறி ஏறுவதும் ஆழமாக இறங்குவதுமாக மாறி மாறி வரும் அந்த நோய்க்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தது. படித்த அன்றே இந்தக் கடிதத்தை எழுதிவிட்டேன். அன்றே அனுப்பவில்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதக் கை துறுதுறுப்பது, எனக்கு அந்த நோய் தலைதூக்குவதன் அடையாளங்களில் ஒன்று. என் பட்டியலில் ஐந்தாவதாக, என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதனால் விதிப்படி 48 மணி நேரம் இழுப்பறையில் போட்டு வைத்தேன். பிறகு என் தம்பியிடம் ஒரு படியும், இந்த நோய்க்கான குழுப் பயிற்சியில் என்னோடு இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரிடம் ஒரு படியும் கொடுத்தேன். முதல் வடிவத்தில் 11 ஆச்சரியக்குறிகள் இருந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை. இடையில் வந்த இரவுகளில் ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கியிருக்கிறேன். எனவே எழுதியது நான்தான் என்று நம்பி அனுப்புகிறேன்.

48 மணி நேரம் பொறு, இரண்டு பேரிடம் கேள் என்ற அந்த விதியை நான் எங்கே கற்றேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

உங்கள் பக்கத்தில் அறிகுறிகள் இருந்தன, மரபணு இருந்தது, மருந்துகளின் பெயர்கள் இருந்தன, 2019இல் உலகில் 4 கோடிப் பேருக்கு இந்த நோய் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இருந்தது. லித்தியம் என்ற மருந்தின் பெயர் மேலே லித்தியமாகவும் கீழே லிதியமாகவும் இருந்தது. 27 ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவள் நான், இதைச் சொல்லாமல் போனால் இன்றிரவு தூக்கம் வராது. வான்கோவின் படமும் போட்டிருந்தீர்கள். அவர் பிறந்தநாள்தான் மார்ச் 30, அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது தெரியும். ஆனால் அவருக்கு இந்த நோய் இருந்தது என்பது அவர் இறந்தபிறகு மற்றவர்கள் போட்ட ஊகம். உயிரோடு இருக்கும் எங்களைப் பார்த்து எழுத இவ்வளவு இருக்கும்போது, செத்துப்போனவருக்கு நாடி பிடிப்பானேன் என்று ஒவ்வொரு மார்ச்சிலும் எனக்குத் தோன்றும். போகட்டும்.

பக்கத்தின் கடைசிப் பத்தியில், கடைசிக்கு முந்தைய வரி: 'மருந்துடன் குழுப் பயிற்சியும் பலன் தரக்கூடும்.' அவ்வளவுதான். அந்த வரியைப் பற்றித்தான் என் வழக்கு.

எனக்கு 26 வயதில் இந்த நோய்க்குப் பெயர் வைத்தார்கள். அதற்கு முந்தைய மாதம் 320 பக்க நாவல் ஒன்றின் புரூஃபை நான்கே இரவில் திருத்திக் கொடுத்திருந்தேன். எழுத்துப் பிழைகளை நான் தொடவே இல்லை. கதாநாயகியின் குணத்தை மாற்றினேன், முடிவை மாற்றினேன், ஓரத்தில் இடம் போதாமல் துண்டுத் தாள்களை ஒட்டி ஒட்டி எழுதியிருந்தேன். எல்லாம் சிவப்பு மையில். எழுதியவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரம் கழித்து அதே நான், ஒரு வாக்கியத்தில் காற்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாமல் முக்கால் மணி நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏற்றம், இறக்கம் என்று இரண்டு சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது ஒட்டுத்தாளும் காற்புள்ளியும்.

அதன்பிறகு 19 ஆண்டுகள் ஒரே மருத்துவரிடம் போனேன். நல்ல மனிதர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். தூக்கம் எப்படி, பசி எப்படி, மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, அடுத்தவரை வரச்சொல்லுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 60 நிமிடம், 19 ஆண்டில் 19 மணி நேரம். அந்த 19 மணி நேரத்தில் குழுப் பயிற்சி என்ற சொல் ஒருமுறைகூட அவர் வாயில் வரவில்லை. வெளியே காத்திருந்த வரிசையைப் பார்த்தவள் என்பதால் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆதங்கம் உண்டு. ஒன்பதாவது முறை விழுந்து எழுந்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில், படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே ஒரு செவிலியர்தான் போகிற போக்கில் கேட்டார்: "நீங்க இன்னும் குரூப்புக்குப் போகலையாம்மா?" அப்போது எனக்கு 45 வயது.

குரூப் என்றதும் வட்டமாக நாற்காலி போட்டு ஆளுக்கொரு கைக்குட்டையோடு கதை சொல்லி அழுவார்கள் என்றுதான் நினைத்துப் போனேன். போனால் அது வகுப்பறை. கரும்பலகைக்குப் பதில் வெள்ளைப்பலகை, ஆளுக்கொரு கோடு போட்ட நோட்டு, வாரா வாரம் வீட்டுப்பாடம். பத்துப் பேர் தொடங்கினோம். மருத்துவ உளவியலாளர் ஒருவரும் செவிலியர் ஒருவரும் நடத்தினார்கள். வாரம் ஒருமுறை, 90 நிமிடம், 21 வாரம். 31.5 மணி நேரம். அதாவது அந்த 19 ஆண்டில் எனக்குக் கிடைத்ததைவிட 12.5 மணி நேரம் அதிகம், ஐந்தே மாதத்துக்குள்.

மனம் ஓரளவு சமநிலைக்கு வந்தபிறகுதான் சேர்த்தார்கள். ஏற்றத்தில் இருப்பவர் உட்கார்ந்தால் மற்ற ஒன்பது பேருக்கும் வாய் திறக்க வாய்ப்பே இருக்காது, இறக்கத்தின் அடியில் இருப்பவருக்குக் காதில் எதுவும் ஏறாது. இது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். உள்ளே பேசியது வெளியே போகக்கூடாது என்பது இரண்டாவது நிபந்தனை. அதனால் இங்கே நான் சொல்லும் ஆட்களின் வேலைகளைக்கூடச் சற்றே மாற்றியிருக்கிறேன். தபால்காரர் மட்டும் தபால்காரரேதான், அவர் அனுமதி கொடுத்தார்.

முதல் சில வாரங்களில் வரைபடத் தாள் கொடுத்து வாழ்க்கையை வரையச் சொன்னார்கள். நடுவில் ஒரு கோடு. மேலே போனது மேலே, கீழே போனது கீழே. ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன நடந்தது என்று சின்னதாக எழுத வேண்டும். நூறாண்டுக்கும் முன்னால் இந்த நோயை மற்ற மனநோய்களிலிருந்து பிரித்துக் காட்டிய ஜெர்மன் மனநல மருத்துவர் கிரேப்பிலினே இப்படிப் படம் போட்டுத்தான் நோயாளிகளின் போக்கைப் பார்த்தாராம். நான் என் ஏற்றங்களுக்கெல்லாம் காரணம் தயாராக வைத்திருந்தேன்: ஒரு காதல், ஒரு துரோகம், அப்பாவின் மரணம், அலுவலகத்தில் ஓர் அவமானம். தாளில் வரைந்து தேதி போட்டபோது கதை வேறாக இருந்தது. என் ஐந்து ஏற்றங்களில் நான்குக்கு முன்னால், அவசர வேலை என்று தொடர்ந்து மூன்று நான்கு இரவுகள் கண்விழித்து புரூஃப் பார்த்திருக்கிறேன். காதல் அந்த ஏற்றத்தின் நடுவில் வந்தது, காரணமாக வரவில்லை. அவமானமும் அப்படித்தான். 19 ஆண்டுகளாக என் வாழ்க்கைக் கதையைத் தப்பாகப் பதம் பிரித்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பதினெட்டு வயதில் நோய் வந்திருந்த கல்லூரி மாணவிக்கு அந்தத் தாளில் இரண்டே மேடுகள். எங்கள் தாள்களை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தபால்காரரின் தாளில் இடம் போதாமல் இன்னொரு தாள் ஒட்டியிருந்தார். அவள் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

மருந்துக்கு மூன்று வாரம். விழுங்கு என்று சொல்லாமல் ஏன் என்று சொல்லிக்கொடுத்தார்கள். லித்தியம் 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் வெளியிட்ட சில பக்கக் கட்டுரையிலிருந்து வந்தது என்பதில் தொடங்கி, ரத்தத்தில் அதன் அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் இருக்கும்படி பார்க்கிறார்கள் என்பது வரை. கடைசியாக மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டுமாம். நான் பல ஆண்டுகள் காலை மாத்திரையை விழுங்கிவிட்டு நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அளவு கூடுதலாகக் காட்டும், மாத்திரையைக் குறைப்பார்கள், இரண்டு மாதத்தில் தூக்கம் குறையும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபென் வாங்கிப் போட்டுக்கொண்டால் லித்தியம் உடம்பில் தேங்கும், வயிற்றுப்போக்கில் உடம்பின் நீர் வற்றினாலும் அப்படியே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகமும் தைராய்டும் பார்க்க வேண்டும், சட்டென்று நிறுத்தினால் மெதுவாகக் குறைப்பதைவிட ஆபத்து. இதையெல்லாம் 45 வயதில்தான் நோட்டில் எழுதிக்கொண்டேன். என் உடம்புக்குள் 19 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பொருளைப் பற்றி.

பிறகு அடையாளங்கள். இதற்குத்தான் ஐந்து வாரம் எடுத்தது, இன்னும் ஐந்து வாரம் கொடுத்திருந்தாலும் போதாது. ஏற்றம் ஒரே நாளில் வந்து குதிப்பதில்லை, முன்கூட்டியே ஆளுக்கேற்ற சின்னச் சின்ன மாற்றங்களைக் காட்டும், அதை அவரவரே கண்டுபிடிக்க வேண்டும் என்றார்கள். 'அதிக உற்சாகம்', 'அதிகப் பேச்சு' என்று எழுதினால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எந்தக் கடிகாரம், எந்த ஆள், எந்தப் பொருள் என்று வர வேண்டும். என் பட்டியல் இப்படி இருந்தது: சிவப்பு மைப் பேனாவை வீட்டுக்கு எடுத்து வருவது. ஐந்தரைக்கு விழிப்பவள் மூன்றரைக்கு விழித்தும் சோர்வில்லாமல் இருப்பது. செருப்பைக் கழற்றாமலே வீட்டுக்குள் நடப்பது. விட்டுப்போன பழைய தோழிகளை ஒரே நாளில் மூன்று பேரைத் தொலைபேசியில் பிடிப்பது. பத்திரிகைக்குக் கடிதம். வயலின் சொல்லிக்கொடுக்கும் பெண்மணிக்கு, தாளம் காட்டும் மெட்ரனோம் கருவி மெதுவாக ஓடுவதாகத் தோன்றும். வாகன ஓட்டுநருக்கு, எதிரே வரும் எல்லோரும் தன்னைத் தெரிந்தவர்கள் போலப் படும். தபால்காரருக்கு முகவரியைப் பார்க்காமலேயே கடிதம் யாருக்கென்று தெரியும் என்று தோன்றுமாம். அவர் அதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஒருநாள் அப்படியே ஒரு பை முழுக்கப் பட்டுவாடா செய்திருக்கிறார்.

அந்த மாணவி ஒரு வாரம் நோட்டை மூடிவிட்டாள். "அப்போ நான் சந்தோஷமா இருந்தாலே சந்தேகப்படணுமா? சிரிச்சாலே நோயா?" என்று கேட்டாள். குழுவில் யாருக்கும் பதில் வரவில்லை. உளவியலாளரும் அவசரப்பட்டு எதுவும் சொல்லவில்லை. தபால்காரர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "பேத்தி பிறந்த அன்னைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்மா. அந்த மாதிரி சந்தோஷத்தை நான் சந்தேகப்படுறதில்ல." வயலின் ஆசிரியை இன்னொன்று சேர்த்தார்: சந்தோஷமாக இருக்கும்போது மாணவன் வாசிப்பதைக் கேட்க முடிகிறதாம், ஏற்றத்தில் தன் வாசிப்பு மட்டும்தான் காதில் விழுகிறதாம். மாணவிக்கு முழுத் திருப்தி வரவில்லை. எனக்கும்தான், இன்றுவரை. நல்ல நாட்களில் என்னையே ஓரக்கண்ணால் பார்க்கும் பழக்கம் போகவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு ஓர் இடம் இருந்தது, பதில் சொன்னவர்கள் அதே நெருப்பில் கை வைத்தவர்கள். பத்து நிமிடச் சந்திப்பில் அந்தக் கேள்வி எழவே எழாது.

வீட்டாரை அழைத்த வாரத்தைச் சொல்லாமல் விடமுடியாது. என் தம்பி வந்தான். நான் சற்று உரக்கச் சிரித்தால், "அக்கா, மாத்திரை போட்டியா?" பாத்திரத்தைக் கொஞ்சம் வேகமாக வைத்தால், "அக்கா, மாத்திரை போட்டியா?" இருபது ஆண்டுகளாக இதே கேள்வி. அன்று எல்லோர் முன்னிலும் அதைச் சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு வேற எப்படிக் கேக்கணும்னு யாரும் சொல்லித் தரலையே" என்றான். எனக்கு அது உறைத்தது. எனக்காவது பத்து நிமிடம் கிடைத்தது, அவனுக்கு அதுவும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதினோம். மாத்திரையைப் பற்றி அவன் கேட்கக்கூடாது. சந்தேகம் வந்தால், "நேத்து எத்தனை மணிக்குத் தூங்கின?" என்று ஒருமுறை கேட்கலாம். நான் உண்மையைச் சொல்ல வேண்டும். தொடர்ந்து இரண்டு இரவு ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்தால் அவனே மருத்துவரை அழைக்கலாம், நான் சண்டை போடக்கூடாது. வீட்டில் பணம் எடுக்கும் அட்டை அந்த நாட்களில் அவனிடம் இருக்கும். இருவரும் கையெழுத்துப் போட்டோம். இறக்கத்துக்கும் ஒரு தாள் எழுதினோம். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் யாரை முதலில் அழைப்பது, யாரை இரண்டாவது, வீட்டில் எதை எங்கிருந்து அகற்றுவது என்று. அந்தத் தாளை மூன்று முறை எடுத்துப் பார்த்திருக்கிறோம்.

எங்கள் பாடத்தில் எது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், தொழில் புத்தி. உளவியலாளர் மறைக்காமல் சொன்னார். நோயைப் பற்றிய பாடமும் 21 வாரம் என்ற அமைப்பும் பார்சிலோனாவில் ஃபிரான்செஸ்க் கொலோம், எடுவார்ட் வியேட்டா என்ற ஆய்வாளர்கள் உருவாக்கியவை. நாள் ஒழுங்கு எலன் ஃபிராங்க் என்ற அமெரிக்க உளவியலாளருடையது: எழும் நேரம், முதலில் ஒருவரோடு பேசும் நேரம், வேலை தொடங்கும் நேரம், இரவு உணவு நேரம், படுக்கும் நேரம் ஆகிய ஐந்தையும் தினமும் குறித்து, அவை ஒரே நேரத்தில் நிற்கும்படி பார்த்துக்கொள்வது. உணர்ச்சியைக் கையாளும் பயிற்சிகள் மார்ஷா லினஹன் என்ற இன்னோர் அமெரிக்க உளவியலாளருடையவை. தற்கொலை எண்ணத்தோடு போராடிய பெண்களுக்காக அவர் உருவாக்கிய முறை அது, அதன் முதல் பெரிய சோதனை 1991இல் வெளிவந்தது. தானும் 17 வயதில் மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்தவர்தான் என்று 2011இல் அவரே வெளியில் சொன்னார். அதைக் கேட்ட அன்று குழுவில் யாரும் நேரத்தோடு வீட்டுக்குப் போகவில்லை.

அந்தப் பயிற்சிகள் எல்லாமே எனக்குப் பலித்தன என்று சொன்னால் பொய். குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்தினால் பதற்றம் தணியும் என்றார்கள். எனக்கு மூக்கடைப்பு வந்ததுதான் மிச்சம். மூச்சைக் கவனி என்றால் மூச்சு முட்டியது. இறக்கம் ஆழமாகிவிட்டால் எந்தத் திறனும் நினைவுக்கே வராது, அப்போது மருந்தும் துணைக்கு ஓர் ஆளும்தான். ஆனால் எதிர்ச்செயல் என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள், அதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மனம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு நேர்மாறாக, சின்ன அளவில், உடம்பால் ஒன்றைச் செய்வது. இறக்கத்தில் படுக்கை இழுக்கும். எழுந்து குளி என்று யாரும் சொல்லவில்லை, காலைத் தரையில் வை என்றார்கள். அன்றைய வீட்டுப்பாடம் அவ்வளவுதான். ஏற்றத்தில் எதிர்ப்பக்கம்: ஒன்பது மணிக்கு விளக்கைக் குறை, தொலைபேசியை வேறு அறையில் வை, தூக்கம் வராவிட்டாலும் இருட்டில் படு. சிவப்புப் பேனாவை அலுவலகத்திலேயே விட்டு வா.

கேட்க வேண்டியதைக் கேட்கும் பயிற்சியும் இருந்தது. உளவியலாளர் என் மேலாளராக நடித்தார், கொஞ்சம் அதிகமாகவே நடித்தார். இரவு வேலை வேண்டாம் என்று நான் கேட்க வேண்டும். நடந்ததைச் சொல், அது உன்னை என்ன செய்கிறது என்று சொல், வேண்டியதை ஒரே வாக்கியத்தில் கேள், அவருக்கு என்ன நன்மை என்று சொல், பேச்சு திசைமாறினால் மறுபடியும் அதே வாக்கியத்துக்கு வா. நான்கு முறை ஒத்திகை. நிஜ மேலாளர் இரண்டு முறை மறுத்தார். மூன்றாவது முறை, காலை ஆறு மணிக்கு வந்து இரவுப் பக்கங்களை முடித்துத் தருகிறேன் என்றபோது சம்மதித்தார். நோயின் பெயரை நான் சொல்லவில்லை, தூக்கக் கோளாறு என்றேன். சொல்லியிருக்க வேண்டுமா என்று குழுவில் ஒரு மணி நேரம் வாதம் நடந்தது, ஐந்துக்கு நான்கு என்று பிரிந்தோம்.

பலன் தரக்கூடும் என்ற உங்கள் வரிக்கு இப்போது வருகிறேன். 2003இல் வெளியான பார்சிலோனா ஆய்வில் 120 பேர். எல்லோரும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள். பாதிப் பேருக்கு இந்தப் பாடம். மீதிப் பேரும் அதே அளவு வாரங்கள் கூடினார்கள், ஆனால் பாடம் இல்லை, வெறுமனே சந்திப்பு. இரண்டாண்டு முடிவில் பாடம் இல்லாதவர்களில் 92 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியிருந்தது, பாடம் படித்தவர்களில் 67 விழுக்காட்டினருக்கு. 67 ஒன்றும் கொண்டாட வேண்டிய எண் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆட்களை ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, நோயில் கழித்த நாட்கள் ஒரு பக்கம் சராசரியாக 154, மறுபக்கம் 586. 432 நாள், ஓராண்டுக்கும் மேலான வித்தியாசம். என் தாளில் அவ்வளவு நீளம் என்னவென்று எனக்குத் தெரியும்.

எதிர்ச்சாட்சியையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 304 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வந்தது. அங்கே 21 வாரப் பாடத்தை, நோயாளிகள் தங்களுக்குள் கூடிப் பேசும் ஆதரவுக் குழுவோடு ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அதற்கு முன் ஏழு முறைக்குமேல் நோய் வராதவர்களுக்குப் பாடம் படித்த குழுவே கைகொடுத்தது. லினஹன் முறையை இந்த நோய்க்குத் திருப்பி 12 வாரமாகச் சோதித்தது 2013இல் வந்தது, வெறும் 26 பேர், அதை வைத்து முழங்க முடியாது.

அந்த இங்கிலாந்து முடிவை முதன்முதலில் படித்தபோது நான் என் வரைபடத் தாளை எடுத்து எண்ணினேன். ஐந்து மேடு, நான்கு பள்ளம். ஒன்பது. நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி பாதி தூரம் போய்விட்டிருந்தது. அந்த மாணவி சரியான நிறுத்தத்தில் ஏறினாள். உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு யாரோ ஒரு தாய், இப்போதுதான் முதல்முறையாக மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய தன் பிள்ளையைப் பார்த்திருப்பாள். அவள் கண்ணில் அந்தக் கடைசிக்கு முந்தைய வரி பட்டிருக்காது. அதனால்தான் ஆசிரியரே, இந்தக் கடிதம்.

மருந்துக்குப் பதில் இது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களில் ஒருவர், மிகக் கெட்டிக்காரக் கணக்காளர், பதினான்காவது வாரத்தில், திறன்கள் கைவந்துவிட்டன என்று மாத்திரையை நிறுத்தினார். யாரிடமும் சொல்லவில்லை. பதினாறாவது வாரம் நாற்காலி காலி. பத்தொன்பதாவது வாரம் எடை குறைந்து, பேச்சு மெதுவாகி வந்து உட்கார்ந்தார். யாரும் அறிவுரை சொல்லவில்லை. மாணவி தன் நோட்டை நகர்த்தி, விட்டுப்போன பாடங்களைக் காட்டினாள். இன்னும் மூன்று பேர் வேறு வேறு காரணங்களால் நின்றுவிட்டார்கள். வேலை நேரம், தூரம், ஒருவருக்கு மற்றவர்களைப் பார்க்கவே அச்சம். கடைசி வாரம் ஏழு பேர்.

எனக்கு அதற்குப் பிறகு ஆறு ஆண்டு. ஓர் இறக்கம் வந்தது, இரண்டு மாதம், வேலையை விடாமல் தாண்டினேன். ஓர் ஏற்றம் வந்தது. மூன்றாவது நாள் பையைத் திறந்தபோது உள்ளே சிவப்புப் பேனா இருந்தது. அன்று மாலையே மருத்துவரிடம் போனோம், பத்து நாளில் அடங்கியது. மருத்துவமனைக்குப் போகவில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த முறை இந்த நோயைப் பற்றி எழுதும்போது, குழுப் பயிற்சி என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று அரைப் பக்கம் எழுதுங்கள். மருத்துவரிடம் மட்டும் கருத்துக் கேட்காமல், நடத்துகிற உளவியலாளரிடமும் செவிலியரிடமும், உட்கார்ந்து படித்தவரிடமும் கேளுங்கள். உங்கள் வாசகர்களில் மனநல மருத்துவர்கள் இருந்தால் அவர்களிடம் ஒன்று: நோயின் பெயரைச் சொல்லும் அதே மாதத்தில் இதையும் சொல்லுங்கள், ஒன்பதாவது முறைவரை வைத்திருக்காதீர்கள். அருகில் அப்படியொரு குழு இல்லை என்பீர்கள். பயிற்சி பெற்ற இருவர், ஓர் அறை, ஒரு பலகை, பத்து நாற்காலி. கதவு சாத்தும்படி இருந்தால் போதும்.

கடிதம் நீளம் என்று தெரியும். வெட்டத்தான் வேண்டும் என்றால் லித்தியம் எழுத்துப்பிழைப் புலம்பலையும் வான்கோவையும் முதலில் வெட்டுங்கள், இரண்டையும் வெட்டச் சொல்லி தபால்காரர் ஏற்கெனவே ஓரத்தில் குறி போட்டிருந்தார், நான்தான் கேட்கவில்லை. அடுத்ததாக மேலாளர் கதை. ரத்தம் கொடுக்கும் 12 மணி நேரக் கணக்கையும், தம்பியோடு போட்ட ஒப்பந்தத்தையும், இங்கிலாந்து ஆய்வில் வந்த ஏழு என்ற அந்த எண்ணையும் மட்டும் தொடாதீர்கள். பெயரை வெளியிட வேண்டாம். புரூஃப் எனக்கு அனுப்பினால் அன்றே பார்த்துத் தருகிறேன், இரவு ஒன்பதுக்கு முன்னால் வந்தால்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துபவர் ஒருவர்